வாசல் வெயிலில் பார்த்த மெசின்

உம்முடைய கறுப்புப் பை என் கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் இருக்கிறது. கராம்பு வாசம் இன்னும் போகவில்லை. சிகரெட்டை விட்டபிறகு சட்டைப் பையிலும் கணினிப் பையிலும் கராம்பைப் போட்டுக்கொண்டு திரிந்தீரே, அதே வாசம்தான். நீர் போய்ச் சேர்ந்து ஐந்து மாதமாகிறது. இன்றைக்குத் திங்கட்கிழமை, காலை எட்டரை. போனை மேசையில் நிமிர்த்தி வைத்துவிட்டு அது அடிக்குமா என்று பார்த்துக்கொண்டே இதை எழுதுகிறேன். இரண்டு தரம் எழும்பிப் பல்கனிக்குப் போய்விட்டு வந்துவிட்டேன். "என்னப்பா, இருக்கிறதும் எழும்புறதுமா நிக்கிறியள்?" என்று குசினியிலிருந்து சுகந்தி கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். நான் அப்படிச் சொன்னால் என் மனைவி நம்புவதில்லை என்று உமக்குத் தெரியும்.

பையைக் கொண்டுவந்தது உம்முடைய மனைவி ஸ்டெல்லா. போன புதன்கிழமை பின்னேரம், கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறி, வெள்ளவத்தையில் எங்கள் நாலாம் மாடிவரை அதைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறி வந்திருந்தாள். லிப்ட் அன்றைக்கும் வேலை செய்யவில்லை. தண்ணீர் குடிக்க முதலே மகளின் விஷயத்துக்கு வந்துவிட்டாள்.

"அண்ணே, டிலானிக்கு வேல கெடச்சிருக்கு. வாற திங்கக்கிழம தொடங்குது. சொந்தமா லெப்டொப் கொண்டு வரச் சொல்லியிருக்காங்க. அவரோடது சும்மாதானே கெடக்கு? அத வேணாங்கிறா. புதுசா ஒன்னு பாத்து வச்சிருக்கா, வெள்ளையா, அப்பளம் மாதிரி."

"பிள்ளைக்குப் பிடிச்சிருக்கெண்டால்..."

"பிடிக்கிறது வேற, ஒழைக்கிறது வேற. அவர் வாங்கினதுக்கு மேல ஒன்னு இருக்கா? நீங்க இத ஒருக்கா பாத்துட்டு, நல்லா இருக்கு, இதையே கொண்டு போன்னு அவகிட்ட சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பா."

பார்க்காமல் எப்படிச் சொல்வது என்று கேட்டேன். சனிக்கிழமை வரைக்கும் வைத்துப் பாருங்கள் என்றாள். எழும்பிப் போகும்போது பையை ஒருதரம் தடவிவிட்டுப் போனாள். அவளுக்கு வேண்டியது பரிசோதனை இல்லை, என் வாயால் ஒரு 'நல்லது'. அவ்வளவுதான். அதைச் சொல்வதில் எனக்கு என்ன கஷ்டம் என்று நினைத்தேன்.

என்னிடம் வந்து கேட்கிறார்களே என்பதுதான் முதலில் சிரிப்பாக இருந்தது. மடிக்கணினி வாங்குவதில் நான் எப்பேர்ப்பட்ட ஆள் என்பது உமக்கல்லவா தெரியும்.

நீர் அதை ஒருநாளும் லெப்டொப் என்று சொன்னதில்லை. மெசின் என்பீர். நமக்கு அது மெசின்தான். துறைமுகத்தில் இறங்குகிற சரக்கு நனைந்ததா, நசுங்கியதா, எத்தனை பெட்டி நல்லது, எத்தனை பெட்டி பழுது என்று பார்த்து அறிக்கை எழுதுகிற சர்வேயர்களுக்கு மேசையும் கிடையாது, நிழலும் கிடையாது. கொள்கலனின் வாய்க்குப் பக்கத்தில் நின்றபடி எழுதி, சரக்குக்காரருக்கு அங்கேயே வாசித்துக் காட்டி, அங்கேயே கையெழுத்து வாங்கவேண்டும். "வீட்ட போய் எழுதினா அது அறிக்க இல்ல மச்சான், கத" என்பீர்.

றிஸ்வான் நானாவின் கடைக்கு முதன்முதல் நாம் போன நாள் ஞாபகம் இருக்கிறதா? காலி வீதியில், புடைவைக் கடைக்கும் ஜூஸ் கடைக்கும் நடுவில் ஒரு ஒடுக்கமான கணினிக் கடை. விற்பனையும் அங்கேதான், திருத்துவதும் அங்கேதான். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த மெசினை நீர் கேட்டு வாங்கினீர். பார்த்துவிட்டுத் திருப்பித் தருவீர் என்று அந்த மனிதர் நினைத்தார். நீர் அதைத் தூக்கிக்கொண்டு நேரே வாசலுக்கு நடந்தீர்.

"சேர், சேர், வெளிய கொண்டு போகேலா."

நீர் திரும்பி வந்து, பர்ஸிலிருந்து உம்முடைய அடையாள அட்டையை எடுத்து அவர் கையில் வைத்தீர். "இந்தாங்க நானா, நான் ஆருன்னு உங்க கையில இருக்கு. இது ஆருன்னு நான் பாத்துட்டு வாறன்."

நடுப்பகல் வெயில். பஸ் புகை. நடைபாதையில் போகிற சனம் உம்மை இடித்துக்கொண்டு போனது. இடது முழங்கையை மடித்து அதன்மேல் மெசினை வைத்து, வலது கையால் அரைப் பக்கம் தட்டினீர். திரையில் எழுத்துத் தெரிகிறதா, உம்முடைய முகம் தெரிகிறதா என்று பார்த்தீர். பிறகு உள்ளே வந்து சார்ஜர் பின்னைப் பத்துத் தரம் கழற்றிக் கழற்றிச் செருகினீர், வாய்விட்டு எண்ணிக்கொண்டு. மூடியை ஒற்றை விரலால் தூக்கினீர். அடிப்பாகமும் சேர்ந்து எழும்பினால் அந்த மெசின் தேறாது. கடைசியில் நானாவிடம் ஒரு கேள்வி: "இத தொறந்து திருத்த நீங்க இருப்பீங்களா? இல்ல, பழுதாப்போனா வெளிநாட்டுக்கு அனுப்பணுமா?"

"மாப்பிள பாக்க வந்த மாதிரியல்லவா பாக்குறீங்க சேர்" என்றார் றிஸ்வான் நானா.

"மாப்பிள்ள பொய் சொல்லுவான். மெசின் சொல்லாது."

அதற்குப் பிறகு அந்தக் கடைக்காரர் உம்முடைய அடையாள அட்டையைக் கேட்டதே இல்லை. நீர்தான் ஒவ்வொரு முறையும் அதை மேசையில் வைத்துவிட்டு மெசினை வாசலுக்குக் கொண்டுபோவீர். எங்கள் மாடியில் டியூசன் சொல்லிக்கொடுக்கிற ஆசிரியருக்கு வாங்கியபோதும் அதேதான், பொரளை ஆஸ்பத்திரித் தாதிக்கு வாங்கியபோதும் அதேதான். யார் எது வாங்குவது என்று கேட்டாலும் முதலில் பெயரோ, வேகமோ, நிறமோ சொல்லமாட்டீர். "எங்க வச்சு வேல செய்யப் போறீங்கன்னு சொல்லுங்க. எத வாங்கணும்னு நான் சொல்றன்." தாதிக்கு எடை குறைந்தது. ஆசிரியருக்குப் பெரிய திரை. எனக்கு, உம்முடையதைப்போலக் கறுப்பாக, தடிப்பாக, வெயிலில் மினுங்காத மங்கல் திரையோடு ஒன்று.

அதைத்தானே நான் வாங்கவில்லை.

கடையில் உமக்கு முன்னால் தலையாட்டினேன். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மறுநாள் தனியே போய், பக்கத்து மேசையில் இருந்த வெள்ளி நிற மெல்லிசு மெசினை வாங்கிக்கொண்டு வந்தேன். காப்புறுதிக் கம்பனிக் கூட்டங்களில் எல்லோரும் அப்படி ஒன்றைத்தான் மேசையில் வைத்திருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் செங்கல்லைத் தூக்கிப்போட எனக்கு வெட்கமாக இருந்தது. இதைவிட வேறு காரணம் இல்லை. ஒரு கிழமை அதைப் பழைய பைக்குள் ஒளித்து வைத்திருந்தேன். ஒளித்து எவ்வளவு நாளைக்கு? ஒருநாள் இறங்குதுறையில் வெளியே எடுக்கவேண்டி வந்தது. நீர் அதைப் பார்த்தீர், என்னைப் பார்த்தீர். "சரி, வெயிலுக்குக் கொண்டு வா பாப்பம்" என்றீர். நான் கொண்டு வரவில்லை.

ஆனாலும் அதற்குச் செய்யவேண்டியதை நீர் செய்யாமலும் இல்லை. எங்கள் வீட்டுக்கு வந்தால், கதிரையில் இருக்க முன்னம், பல்கனிப் பக்க மேசையில் கிடக்கும் என் மெசினைத் தூக்கி உள் அறையில் கொண்டுபோய் வைப்பீர். கடற்காற்றில் உப்பு இருக்கிறது, துளைகளைத் தின்றுவிடும் என்பீர். நான் வேண்டுமென்றே திரும்பவும் கொண்டுவந்து வைப்பேன். உம்முடையதற்கு மேல் ஒருநாள் சுகந்தி கொடுத்த பிளேன்டீ முழுக் கோப்பையும் கொட்டியது. நாங்கள் இருவரும் பதறிப்போனோம். நீர் அதைக் கவிழ்த்துப் பிடித்து, அடியில் இருக்கிற ஓட்டையால் தேத்தண்ணீர் ஒழுகுவதைப் பார்த்துக்கொண்டு, "சீனி போடலதானே தங்கச்சி?" என்று கேட்டீர். அரைமணி நேரத்தில் அது வேலை செய்தது. எனக்கு எரிச்சலாக இருந்தது. அது பழுதாகிப் போயிருக்கலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். இப்போது சொல்வதில் என்ன.

களனியில் நடந்ததற்கு வருகிறேன். அந்த நாளுக்குப் பிறகு உம்மோடு நான் அதைப்பற்றிக் கதைத்ததில்லை.

ஆறு பெருகி வடிந்து மூன்றாம் நாள். ஆற்றங்கரைக் களஞ்சியம் ஒன்றில் துணிச் சுருள்கள் நனைந்து கிடந்தன. பாதிச் சரக்கு உமக்கு, பாதி எனக்கு. கம்பனி அதிகாரிகள் மூன்று பேர், சரக்குக்காரர், களஞ்சியக் காவலாளி எல்லாரும் முற்றத்தில் நின்றார்கள். மின்சாரம் அப்போதுதான் திரும்ப வந்திருந்தது. வெயிலில் என் திரையில் எழுத்துத் தெரியவில்லை என்று வெளிச்சத்தை முழுதாக ஏற்றி வைத்தேன். பத்தரைக்கெல்லாம் பற்றரி இறங்கிவிட்டது. பைக்குள் கைவிட்டேன். சார்ஜர் இல்லை. வெள்ளவத்தையில், படுக்கையறைச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. உம்முடையதன் தடித்த பின் என்னுடையதில் ஏறாது. பதினொன்றரைக்கு அதிகாரிகள் புறப்படவேண்டும். அதற்குள் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்காவிட்டால் என் பாதிச் சரக்கு அப்படியே இன்னொரு நாள் அழுகவேண்டும்.

நீர் உம்முடைய மெசினை என் கையில் தந்தீர். பெட்டி ஒன்றைக் கிழித்து, அந்த மட்டையின் பின்பக்கத்தில் உம்முடைய பாதியைப் பேனையால் எழுதினீர். எல்லாம் நேரத்துக்கு முடிந்தது. கையெழுத்தும் கிடைத்தது. அத்தோடு விட்டிருக்கலாம். அதிகாரிகளில் ஒருவர், ஏன் மட்டையில் எழுதினீர்கள் என்று உம்மிடம் கேட்டார்.

"இவரு மெசின் வாங்கல சேர். மொகம் பாக்குற கண்ணாடி வாங்கியிருக்காரு."

எல்லோரும் சிரித்தார்கள். காவலாளிக்குத் தமிழ் தெரியாது. யாரோ அவருக்குச் சிங்களத்தில் எடுத்துச் சொல்ல, அவர் தனியாக இரண்டாம் முறை சிரித்தார். அந்த இரண்டாவது சிரிப்புத்தான் எனக்குத் தாங்கவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் நான் கேட்டேன். "ஆக்களுக்கு முன்னால ஏன் அப்பிடிச் சொன்னனீர்?"

"பின்ன? நீ இத விட்டுட்டு வேற ஒன்னு வாங்கணும் மச்சான். நாளைக்கு நான் பக்கத்துல இல்லாட்டி என்ன செய்வ?"

"அது என்ர பாடு."

"ஒன்ட பாடுதான். நல்லா இரு. ஒன்ட கண்ணாடிக்கெல்லாம் நான் சார்ஜர் சொமக்க மாட்டன்."

புறக்கோட்டையில் நான் இறங்கிப் போய்விட்டேன். போய்வருகிறேன் என்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நாலு மாதம் நாம் வேலையைத் தவிர வேறெதுவும் கதைக்கவில்லை. 'அறிக்கை அனுப்பியாச்சு', 'படங்கள் கிடைத்தது', அவ்வளவுதான். பிறகு மெல்ல மெல்லப் பழையபடி ஆனோம். தேத்தண்ணீர் குடித்தோம், ரயிலில் ஒன்றாகப் போனோம். களனியை மட்டும் இருவருமே தொடவில்லை. நான் வேறு மெசின் வாங்கவுமில்லை. பிடிவாதம். மூன்று வருடமாக அதே கண்ணாடியைத்தான் சுமந்தேன். சார்ஜரையும் ஒருநாள்கூட மறக்கவில்லை. காலையில் வீட்டுத் திறப்பை எடுக்கிறேனோ இல்லையோ, சார்ஜரை எடுத்தேன். உம்மிடம் இன்னொருதரம் அப்படி ஒரு வார்த்தை கேட்கக்கூடாது என்ற ஒரே கோபத்தில். பிறகு உமக்கு நெஞ்சு நோவு வந்தது, இரண்டு நாள் ஆஸ்பத்திரி, பொரளை மயானம். மன்னிப்புக் கேட்க இருவருக்குமே நேரம் இருக்கவில்லை என்று சொல்லலாம்தான். மூன்று வருடம் இருந்தது.

வியாழக்கிழமை காலை உம்முடைய மெசினை எடுத்து வைத்தேன். முன்பையில் உம்முடைய சார்ஜர் இருந்தது. கடவுச்சொல் எனக்குத் தெரியும், ஸ்டெல்லாவுக்கும் தெரியும், நீர் அதைப் போனில் சத்தமாகச் சொல்லிச் சொல்லித் துறைமுக வாசலில் நிற்கிறவர்களுக்கும் தெரிந்திருக்கும். சும்மா பார்த்துவிட்டு 'நல்லது' என்று சொல்லத்தான் இருந்தேன். ஆனால் கை சும்மா இருக்கவில்லை. உம்முடைய பரீட்சையை உம்முடைய மெசினுக்கே வைத்தேன். பல்கனி வெயிலில் எழுத்துத் தெளிவாகத் தெரிந்தது. மூடி ஒற்றை விரலுக்கு எழும்பியது. சார்ஜரைக் கழற்றிச் செருகத் தொடங்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது முறை விளக்கு எரியவில்லை. திரும்பச் செருகினேன். இல்லை. பின்னைச் சரித்து, விரலால் அமத்திப் பிடித்தால் மட்டும் எரிந்தது. விட்டால் அணைந்தது. பற்றரியும் பத்து நிமிடத்துக்கு மேல் தாங்கவில்லை.

மூன்று தரம் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தேன், ஏதோ நான்தான் பிழையாகச் செருகுகிறேன் என்பதுபோல. பிறகு அதைத் தூக்கிக்கொண்டு றிஸ்வான் நானாவிடம் ஓடினேன்.

அவர் திறக்கவேயில்லை. பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. "இத ரெண்டு தரம் ஒட்டிக் குடுத்தேன் சேர். ஒங்கட கூட்டாளிதான் கொண்டு வந்தாரு. மூணாம் தரம் ஒட்டினா ஒரு மாசம் போகும், ஒரு கிழம போகும், சொல்லேலா."

"அவர் இதோடதானே தினமும் வேலைக்குப் போனவர்."

"அவருக்கு எங்க அமத்தோணும்னு தெரியும். வேலக்கிப் போற புள்ளக்கி இத குடுக்காதீங்க."

வீட்டுக்கு வந்து டிலானிக்குப் போன் பண்ணினேன். அப்பாவுடைய மெசினை ஏன் வேண்டாம் என்கிறாய் என்று கேட்டேன். "எனக்கு அது வேணாம் அங்கிள்" என்றாள்.  எனக்குக் கோபம் வந்தது. அவள்மீதா, உம்மீதா, அந்தப் பின்மீதா என்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை முழுக்க நான் ஒரு இடத்தில் இருக்கவில்லை. கடற்கரைத் தண்டவாளம் வரை நடந்தேன், திரும்பி வந்தேன், மாமியார் வீட்டுக்குப் போன சுகந்திக்குப் போன் பண்ணினேன், உடனே வைத்தேன். 'நல்லா இருக்கு' என்று சொன்னால் ஸ்டெல்லாவின் முகம் மலரும். திங்கட்கிழமை புது இடத்தில், புது ஆட்களுக்கு முன்னால், திரை அணைந்துபோகப் பிள்ளை முழுசிக்கொண்டு நிற்பாள். யாராவது ஒருவர் பகிடி விடுவார். அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். 'சரிவராது' என்று சொன்னால், நீர் வைத்துவிட்டுப் போனதில் உழைக்கக்கூடியது என்று ஸ்டெல்லா நம்பிக்கொண்டிருக்கும் ஒன்றையும் நான் பழுது என்று சொன்னவனாவேன். வெள்ளி பின்னேரம் ஆகும்போது ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். பொய்தான். றிஸ்வான் நானாவிடம் மூன்றாம் தரம் ஒட்டுவித்து, நல்லது என்று சொல்லிக் கொடுத்துவிடுவது. ஒரு மாதமாவது போகாதா?

சனி காலை. ஒட்டுவிக்கக் கொண்டுபோக முன்னம் பையைத் துடைத்தேன். பின்பக்கத்துப் பையின் சிப் உப்புப் பிடித்து இறுகிக் கிடந்தது. மழைக்கோட் இருக்கும் என்று நினைத்து அதுவரை நான் திறக்கவில்லை. துளி தேங்காயெண்ணெய் விட்டு இழுத்தேன். மழைக்கோட்தான். அதற்குள் சுற்றி ஏதோ கனமாக இருந்தது.

ஒரு சார்ஜர். உம்முடையதில்லை. சின்னப் பின், வெள்ளை வயர், என்னுடைய கண்ணாடிக்குரியது. வயரைக் கட்டியிருந்த பிளாஸ்டிக் கட்டுகூட வெட்டப்படவில்லை. பெட்டியிலிருந்து எடுத்தபடியே இருந்தது. அதன்மேல் வெள்ளை டேப் ஒட்டி, உம்முடைய கோணல் எழுத்தில் என் பெயர். றிஸ்வான் நானா கடையின் பில்லும் மடித்து ரப்பர் பட்டியால் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. பில்லின் தேதியைப் பார்த்தேன். எழும்பிப் போய் என் மெசினில் பிறகு ஏற்றி வைத்திருந்த அந்தக் களனி அறிக்கையைத் தேடி எடுத்தேன். பில், களனிக்குப் போன நாளுக்கு அடுத்த நாள்.

சுமக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு, அடுத்த நாளே போய் வாங்கியிருக்கிறீர். நான் உம்மோடு கதைக்காத நாலு மாதமும் அது உம்முடைய தோளில் இருந்திருக்கிறது. பிறகு மூன்று வருடமும் இருந்திருக்கிறது. இறங்குதுறையில், ரயிலில், என் வீட்டுக் கதிரைக்குப் பக்கத்தில். ஒருநாளாவது சொன்னீரா? நான் கேட்கவும் இல்லை.

நான் அழுதேன். சுகந்தி வந்து பார்த்துவிட்டு, குசினிக்குத் திரும்பிப் போனாள்.

நீர் என் மெசினை ஒருநாளும் நல்லது என்று பொய் சொன்னதில்லை. அதற்காக என்னை விட்டுவிட்டதும் இல்லை. எனக்கு அதற்குமேல் யோசிக்க இருக்கவில்லை. நானாவிடம் போகாமல் நேரே கொட்டாஞ்சேனைக்கு பஸ் ஏறினேன்.

உம்முடைய படத்துக்குக் கீழே இருக்கிற மேசையில் பையை வைத்தேன். டிலானியும் இருந்தாள்.

"ஸ்டெல்லா, இது வேலைக்குச் சரிவராது. சார்ஜர் குத்துற இடம் போயிட்டுது. ரெண்டு தரம் ஒட்டினதாம்."

ஸ்டெல்லா மெசினை வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "அவர் எங்கிட்ட சொல்லவே இல்லியே. தெனமும் இதத்தானே தூக்கிட்டுப் போனாரு."

"அவருக்கு எங்க பிடிக்க வேணுமெண்டு தெரியும். பிள்ளைக்குத் தெரியாதே."

 பிறகு டிலானி சொன்னாள். "நான் அத வேணான்னு சொன்னது பழசுன்னு இல்ல அங்கிள். அதுல அப்பா எழுதினதெல்லாம் இருக்கு. என்னைக்காவது அது நின்டு போகும்தானே. என்ட கையில நிக்கக்கூடாது."

ஸ்டெல்லா மகளைப் பார்த்தாள். "இத நீ எங்கிட்ட சொல்லியிருக்கலாமேடி" என்றாள். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மெசினைக் கொண்டுபோய் அலுமாரியில் உம்முடைய சட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்தாள். வெறும் பையை என்னிடம் நீட்டினாள். "இத நீங்க வச்சிக்கங்க அண்ணே."

அன்று பின்னேரமே டிலானியை றிஸ்வான் நானாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவள் பார்த்து வைத்த வெள்ளை அப்பளம் அங்கே இருந்தது. நான் ஒன்றும் சொல்ல முதலே, கைப்பையிலிருந்து தன் அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, மெசினைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். றிஸ்வான் நானா அவளைப் பார்த்தபடியே நின்றார். இடது முழங்கை, வலது கை. எப்போது பார்த்து வைத்தாளோ.

"எழுத்து தெரியுதில்ல அங்கிள். என்ட மொகந்தான் தெரியுது." அவள் குரல் இறங்கிவிட்டது.

"எங்க வைச்சு வேலை செய்யப் போறாய்?"

"ஒபிஸ்ல. ஏ.சி. ரூம். மேச இருக்கு."

"அப்ப வெயிலை விடு. உள்ளுக்குப் போய்ப் பின்னைக் குத்திப் பார்."

பத்துத் தரம் எண்ணினாள். பத்துத் தரமும் எரிந்தது. மூடி ஒற்றை விரலுக்கு எழும்பியது. திருத்த நானா இருக்கிறார். உம்முடைய கேள்விகளுக்கு வேறென்ன பதில் வேண்டும்? வாங்கினோம். பில் எழுதும்போது, இதே சார்ஜர் இன்னொன்றும் வேண்டும் என்று கேட்டேன்.

"பெட்டிக்குள்ள ஒன்னு இருக்கே அங்கிள்" என்றாள் டிலானி.

"ஓம். அது உனக்கு. இது எனக்கு."

றிஸ்வான் நானா என்னை நிமிர்ந்து பார்த்தார்.  மேசை லாச்சியிலிருந்து வெள்ளை டேப் சுருளை எடுத்து எனக்கு முன்னால் வைத்தார்.

டிலானியின் அலுவலகம் கொள்ளுப்பிட்டியில். எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம். பிள்ளை சார்ஜரை மறந்து போன் அடித்தால் கொண்டு ஓடத்தான் காலையிலிருந்து சப்பாத்துப் போட்டுக்கொண்டு இருக்கிறேன். உம்முடைய பையில் இப்போது இரண்டு சார்ஜர்கள், ஒன்றில் அவள் பெயர், மற்றதில் என் பெயர். என்னுடையதன் பிளாஸ்டிக் கட்டை நான் இன்னும் வெட்டவில்லை. இந்தப் பையைத்தான் இனித் துறைமுகத்துக்கும் கொண்டு போவேன்.

இதோ பத்தேகால். போன் அடிக்கவில்லை. பிள்ளை சார்ஜரை மறக்கவில்லை. நல்ல விஷயம்தானே, சந்தோஷப்படவேண்டும். ஆனால் எழும்பி எழும்பிப் போனைப் பார்க்கிறேன், அடிக்காதா என்று. இப்போதுதான் எனக்கு உம்முடைய மூன்று வருடம் விளங்குகிறது. ஒவ்வொரு நாளும் நான் பைக்குள் கையை விடும்போது நீர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறீர்.

ஒருநாள், ஒரே ஒருநாள், நான் சார்ஜரை வீட்டில் மறந்துவிட்டு வந்திருக்கலாம்.